அரசு மேற்பார்வையில் ஒரு முடிவெட்டு

தீண்டாமையை எதிர்த்துப் போராடிய தலைவர்களைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஊர்வலம் போவார்கள், சிறைக்குப் போவார்கள், கடைசியில் சிலையாகி வெயிலில் நிற்பார்கள். கடல் கடந்த தேசம் ஒன்றில் பேருந்து இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தே ஒரு பெரிய போராட்டம் தொடங்கியதாகச் செய்தித்தாளில் வாசித்தபோது, நம் ஊரில் அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று எனக்குத் தோன்றியது. சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரி போகும் பேருந்தில் எழுந்திருக்க மறுப்பதென்றால், முதலில் உட்கார இடம் கிடைத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த தலைவரும் ஓர் இருக்கைக்காகத்தான் போராடினார். அது முடிவெட்டும் கடையில் இருந்த சுழல் நாற்காலி.

எண்பதுகளில் நான் சங்கரன்கோவில் வட்டத்தில் வருவாய் ஆய்வாளராக, ஊர்ப் பேச்சில் ஆர்.ஐ.யாக, இருந்தேன். பட்டா, வாரிசுச் சான்று, ஆக்கிரமிப்பு, பட்டுப்போன மரம், செத்துப்போன மாடு என்று எது வந்தாலும் ‘நேரில் விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்று மேலே எழுதுவார்கள். நேரில் போகிற ஆள் நான். முடியும் என் அதிகார வரம்புக்குள் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கடை பேருந்து நிலையத்திலிருந்து கோவிலுக்குப் போகும் வழியில் இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தால் நம் பிடரியே வரிசையாக எல்லையில்லாத தூரம் வரைக்கும் போகும். காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. ஒரே செய்தித்தாளை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். காலனி ஆட்களுக்கு மட்டும் அங்கே முடிவெட்டுவதில்லை. அப்படி அறிவிப்புப் பலகை ஏதும் கிடையாது. பலகை வைத்தால் சட்டப்படி குற்றம். அதனால் வைக்காமலே நடத்திவந்தார்கள். காலனிக்காரர்கள் குளத்தங்கரை வேப்பமரத்தடியில், கை நடுங்கும் ஒரு வயதானவரிடம் தலையைக் கொடுப்பார்கள். காது முக்கியம் என்று நினைத்தவர்கள் பேருந்து ஏறி ராஜபாளையம் போவார்கள். அங்கே யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

நம் தலைவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார். காலனிச் சங்கத்துக்குத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடத்துகிறவர். ஐம்பதை நெருங்கும் வயதிலும் அடர்த்தியான சுருட்டை முடி. ஒரு நாள் அவர் நேராக அந்தக் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதன்பிறகு நடந்ததை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

“கையில சுளுக்கு. இன்னிக்கு வெட்ட முடியாது” என்றாராம் கடைக்காரர்.

“இப்ப அவருக்கு வெட்டுதது யாரு கை?”

“இது சுளுக்குறதுக்கு முன்னால ஆரம்பிச்ச தலை. பாதில விட முடியுமா?”

அடுத்த வாரம் போனால் கத்திரி சாணைக்குப் போயிருந்தது. அதற்கடுத்த வாரம் கத்திரி திரும்பிவிட்டது, சீப்பைக் காணோம்.

கடைக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பயந்தவர். பெரிய வீடுகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சவரம் செய்யப் போனால் அவரையே பின்வாசலில்தான் நிறுத்துவார்கள். அவருடைய பயத்துக்கு ஒரு முகமும் இருந்தது. அது ராயகிரிப் பக்கம் வயல் வைத்திருந்த ஒரு பெரிய மீசைக்காரரின் முகம். அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, “அந்த நாற்காலில கண்டவனும் உக்காந்தான்னா, நாங்க முடிவெட்ட ராஜபாளையம்தான் போணும் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். மொத்தத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாருக்கு மனத்தாங்கல் வந்தாலும் ராஜபாளையத்து நாவிதர்களுக்கு யோகம்.

தலைவர் ஒரு சபதம் எடுத்தார். இனி வேறெந்தக் கடையிலும் தலையைக் குனிய மாட்டார். வேப்பமரத்தடி கிடையாது, ராஜபாளையம் கிடையாது. வெட்டினால் அந்த நாற்காலியில். சபதங்கள் பொதுவாக வெளியே தெரியாது. இது தெரிந்தது. மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. காது மறைந்தது, கழுத்து மறைந்தது. பஞ்சாலையில் பஞ்சுத் துகள் ஒட்டி, மாலையில் பார்த்தால் பனி மலை மாதிரி வருவார். “பேன் வந்துச்சுன்னா உங்க சங்கத்துலயே போய்ப் படுத்துக்கிடுங்க” என்று அவர் மனைவி எச்சரித்திருந்தார்.

அந்த வருடம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வந்தபோது, தெருவோரம் நின்ற இவர் காலில் ஓர் அம்மாள் விழுந்துவிட்டார்.

“எந்திரிங்கம்மா. நான் சாமியாரு இல்ல. பஞ்சுமில்லுல வேலை பாக்கேன்.”

“எந்தச் சாமிதான் உடனே ஒத்துக்கிடும்?” என்று அந்த அம்மாள் இரண்டாவது தடவையும் விழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டு நடத்தும்போது கொஞ்சம் பின்வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அதன்பிறகுதான் அவர் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறி, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார். கலெக்டர் அலுவலகம் அதைக் கோட்டாட்சியருக்கு அனுப்ப, கோட்டாட்சியர் தாசில்தாருக்கு அனுப்ப, தாசில்தார் என் மேசைக்கு அனுப்பினார். ஒவ்வொரு படியிலும் ஒரு முத்திரை சேர்ந்து, என்னிடம் வரும்போது மனுவில் முடி என்ற சொல் மட்டும் முத்திரைக்கு அடியில் போயிருந்தது. தாசில்தார் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அன்றைக்கே பதில் எழுதித் தள்ளிவிடப் பார்ப்பார்.

“போய் நின்னு பாத்துட்டு வந்துருங்க. ‘எனது நேரடிப் பார்வையில்’னு ஒரு வரி கண்டிப்பா வேணும்” என்றார்.

தலைவரை வரச்சொல்லி, தலையாரியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தலையாரி என்றால் கிராம உதவியாளர்; அரசு வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரிவிக்க ஒரு பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர். எங்களைக் கண்டதும் கடைக்காரரின் சுளுக்கு சரியாகிவிட்டது. வெள்ளைத் துணியை உதறி, “வாங்க, வாங்க. இங்கன யாரு என்ன சொன்னா? தாராளமா உக்காருங்க” என்று தலைவரை நாற்காலியில் ஏற்றினார். பெஞ்சிலிருந்த மீசைக்காரர் செய்தித்தாளின் தன் பங்கை மடித்து வைத்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். சட்டமன்றத்தைப் பற்றிய தாள்தான் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

அத்தனை மாத முடி. வெட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கடைக்காரர் பயத்தில் ஒவ்வொரு முடியாக அளந்து வெட்டினார். இரண்டு கிருதாவையும் நூல் பிடித்துச் சரிபார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ‘மனுதாரருக்கு எனது நேரடிப் பார்வையில் முடி திருத்தம் செய்யப்பட்டது. மேற்படி கடையில் தீண்டாமை அனுசரிக்கப்படவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். கோப்பு முடிந்தது.

முடி முடியவில்லை. அடுத்த மாதம் அவர் தனியாகப் போனபோது கத்திரி மறுபடி சாணைக்குப் போயிருந்தது. மறுபடி மனு. இப்போது அலுவலகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே பொருள் குறித்து ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட கோப்பைத் திரும்பத் திறக்கக் கூடாது. தாசில்தாரும் நானும் ஒரு முற்பகல் முழுக்க விவாதித்தோம். போன மாதம் வெட்டிய முடி வேறு, இப்போது இருப்பது வேறு. அந்த முடி கடைத் தரையிலேயே கூட்டித் தள்ளப்பட்டுவிட்டது. எனவே புதிதாக வளர்ந்த முடி புதிய பொருள், அதற்குப் புதிய கோப்பு என்று தீர்மானித்தோம். இன்றைக்கும் அந்தத் தீர்மானத்தில் சட்டப் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அப்படியே அது மாதாந்திர வேலையாகிவிட்டது. மனு வரும், நான் போவேன், துணி உதறப்படும், கிருதா நூல் பிடிக்கப்படும், அறிக்கை போகும். ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது தலைவரிடம் கேட்டேன்.

“போலீஸ்ல கேஸே கொடுக்கலாமே. அதுக்குத்தான சட்டம் இருக்கு?”

“கேஸ் போட்டா பயத்துல கடையப் பூட்டிட்டுப் போயிருவான் சார். கடை இல்லன்னா நான் எதுல உக்கார?”

“அதான் மாசாமாசம் உக்காருதீங்களே?”

அவர் சைக்கிளை நிறுத்தினார். “சார், நீங்க நின்னு வெட்டுத முடி அரசாங்கத்து முடி. என் முடிய நான் வெட்டணும். நான் போணும், அவன் ‘உக்காரும்’னு சொல்லணும், நான் உக்காரணும். நீங்க அங்கன இருக்கவே கூடாது.”

“அப்ப எதுக்கு எனக்கு மனு?”

“அது நடக்குத வரைக்கும் முடி வளராம இருக்குமா?”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதைக் கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கே கிடையாது. அது கடைக்காரரிடம் இருந்தது. கடைக்காரரின் அதிகாரம் மீசைக்காரரிடம் இருந்தது.

மீசைக்காரரை அசைத்தது அறவுணர்ச்சி என்று எழுத எனக்கும் ஆசைதான். அவரை அசைத்தது ஒரு கிணறு. அந்தச் சமயத்தில்தான் பட்டாக்களையெல்லாம் திருத்திப் புதுப்பிக்கும் வேலையை அரசு நடத்தி முடித்திருந்தது. திருத்துவதற்கு முன்பு பட்டாக்கள் சரியாக இருந்தன. திருத்திய பிறகு இவருடைய கிணறு பக்கத்து வயல்காரர் பேருக்குப் போய்விட்டது. அதைச் சரிசெய்ய என்னைப் பிடிக்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்தால் நான் வெளியே போயிருப்பேன். கிராமத்துக்குப் போனால் நான் அலுவலகத்துக்குத் திரும்பியிருப்பேன். வருவாய்த் துறையில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தோம். ஆனால் மாதத்தில் ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட கடையில், ஒருவர் முடிவெட்டி எழும்வரை நான் நகர முடியாமல் நிற்பேன் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த மனு நாளில் தலைவர் நாற்காலியில் இருக்கும்போதே மீசைக்காரர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

“சார், என் கிணறு பக்கத்துக்காரன் பேருக்கு ஏறிருக்கு.”

“மனுக் கொடுங்க. பாக்கலாம்.”

“பாக்கலாம், பாக்கலாம்னு கிணறே வத்திரும் போலிருக்கே சார்!” என்று பத்திரத்தை உதறினார்.

துணிக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கத்தி என் கழுத்துலலா இருக்கு?”

மீசைக்காரர் மெதுவாகப் பேசினார்.

செய்தி பரவிவிட்டது. அதற்கடுத்த மாதம் பெஞ்சில் இடமில்லை. ராயகிரி, சிவகிரி, கடையநல்லூர் போகும் வழியில் இருக்கும் கிராமங்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் சிட்டாவும் பத்திரமுமாக வந்துவிட்டார்கள். சும்மா வந்து உட்கார முடியாதே, ஆளுக்கொரு சவரமும் செய்துகொண்டார்கள். காலனி ஆள் உட்கார்ந்தால் வாடிக்கை போய்விடும் என்று பயந்த கடைக்காரருக்கு, காலனி ஆள் உட்காரும் நாளில்தான் திருவிழாக் கூட்டம். ஒருவர் அப்போதுதான் காலையில் வீட்டிலேயே சவரம் செய்துவிட்டு வந்திருந்தார். இல்லாத தாடிக்கு நுரை போட்டு எடுத்தார்கள்.

ஒரு சங்கடம் இருந்தது. நான் எந்த நாளில் வருவேன் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது; அந்த மாதமே பலர் நாலைந்து நாள் வெறுமனே வந்து காத்திருந்திருக்கிறார்கள். தெரிந்த ஆள் ஒருவர்தான். மனுப் போடுகிறவர்.

மீசைக்காரர் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். செய்தித்தாளில் தன் பங்கை அவரிடம் நீட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அடுத்த மனு எப்பப் போடுதீய அண்ணாச்சி?”

கடைக்காரரின் கத்திரி ஒரு நொடி நின்றது. தலைவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

“இன்னிக்குத்தான வெட்டுதேன். முடி வளரணும்லா?”

“அது சரி, எம்புட்டு நாளு ஆகும்?”

“அத முடிகிட்டத்தான் கேக்கணும்.”

“தேங்கா எண்ணெய் நல்லாத் தேச்சு வாரும் அண்ணாச்சி. எங்க செக்குல ஆட்டுனது இருக்கு, ஒரு பாட்டில் கொடுத்து விடுதேன். சரசரன்னு வளரும்.”

கொடுத்தும் விட்டார். ராயகிரிப் பெரிய வீட்டிலிருந்து காலனிக்கு எண்ணெய்ப் பாட்டில் போனது அந்த வட்டத்தின் வரலாற்றில் புதிய நிகழ்ச்சி. தலைவரின் மனைவி அந்த எண்ணெயில் அப்பளம் பொரித்துவிட்டார். முடி அதன் வழக்கமான வேகத்திலேயே வளர்ந்தது.

ஜமாபந்தி வந்தது. வருடத்துக்கொரு முறை மேலதிகாரி வந்து உட்கார்ந்து, ஊர்க் கணக்குகளையெல்லாம் தணிக்கை செய்வார். அந்த நாட்களில் நாங்கள் அலுவலகத்தை விட்டு அசைய முடியாது. அதில் ஒரு நாளைத்தான் தலைவரின் மனுவுக்கு நான் கவனிக்காமல் குறித்திருந்தேன். அன்று ஒரு கிராமத்தில் புளியமரங்களின் எண்ணிக்கை தவறிப்போய், மேலதிகாரி அதைத் தேடிக்கொண்டே மதியத்தைத் தாண்டினார். மரங்கள் கிடைத்த பிறகுதான் என்னை விட்டார்கள். தலையாரி பசியில் எங்கோ போயிருந்தார். நான் தனியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

கடைக்கு எதிரே வந்தபோது பெஞ்சு நிரம்பியிருந்தது. முதலில் தலைவர், அடுத்து மீசைக்காரர். நாற்காலி காலி. கடைக்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெரு குறுகல், பேச்சு அப்படியே கேட்டது.

“சார் இன்னும் வரலியே” என்றார் தலைவர்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் என் கால் தரையில் ஊன்றிவிட்டது. நான் இறங்கி உள்ளே போனால் அது இன்னொரு அரசாங்கத்து முடிவெட்டு. அறிக்கையில் இன்னொரு வரி. பக்கத்தில் இருந்தது ஒரு பூக்கடை. தொங்கிய மாலைகளுக்குப் பின்னால் சைக்கிளோடு ஒளிந்துகொண்டேன். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இதற்குத் தடை ஏதும் இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன்.

“மாலை எதுக்கு சார்? கல்யாணத்துக்கா, எழவுக்கா?” என்றார் பூக்கட்டும் அம்மாள்.

“முடிவெட்டுக்கு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பூக்கட்டத் திரும்பினார்.

எதிர்க் கடையில் மீசைக்காரர் பொறுமை இழந்திருந்தார். “அவரு இனி எங்க வரப்போறாரு? நீரு ஏறி உக்காரும் அண்ணாச்சி. அடுத்து நான்லா. ராயகிரி பஸ்ஸ விட்டுட்டா நான் நடந்தா போவேன்?”

தலைவர் எழுந்திருக்கவில்லை. மீசைக்காரரைப் பார்க்கவும் இல்லை. கடைக்காரரைத்தான் பார்த்தார். வெறும் கையோடு, மனு இல்லாமல், தலையாரி இல்லாமல், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. கடைக்காரர் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார், இந்தக் கோடியைப் பார்த்தார். மாலைகளுக்கு நடுவே நான் மூச்சை அடக்கினேன். ஒரு மல்லிகை மூக்குக்குள் போனது. தும்மினால் எல்லாம் போச்சு.

கடைக்காரர் துணியை உதறினார். அதே துணியால் நாற்காலியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினார்.

“உக்காரும்வே. என்ன, தாசில்தாரு வந்து உம்மத் தூக்கி வைக்கணுமா?”

தலைவர் போய் உட்கார்ந்தார். துணி கழுத்தைச் சுற்றி வந்தது. கத்திரிச் சத்தம் கேட்டதும் நான் தும்மிவிட்டேன்.

முன்கண்ணாடியில் தலைவர் என்னைப் பார்த்துவிட்டார். மாலைகளுக்கிடையே என் முகம் மட்டும் தெரிந்திருக்கும். உயிரோடிருக்கும் ஆளுக்கு அது நல்ல தோற்றம் அல்ல. துணிக்கு அடியிலிருந்து அவர் கை மெல்ல வெளியே வந்தது. கோழியை விரட்டுவது போல விரல்களை அசைத்தது. போங்க.

நான் சைக்கிளைத் திருப்பினேன். திருப்பும்போது மீசைக்காரர் பார்த்துவிட்டார்.

“ஏ, ஆர்.ஐ. சாரு! பூக்கடைல ஒளிஞ்சிருக்காரு வே! பிடிங்க!”

மொத்தப் பெஞ்சும் எழுந்து தெருவில் இறங்கியது. ஒருவர் பாதி முகத்து நுரையோடு ஓடிவந்தார். “சார், கிணறு சார்!” “சார், உட்பிரிவு!” நான் மிதித்தேன். மெயின் ரோட்டில் பேருந்துகூட ஒதுங்கி வழிவிட்டது. நில உரிமை கோரி மக்கள் இவ்வளவு ஆவேசமாக ஓடியதை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. பின்னால் கடையில் கடைக்காரரும் தலைவரும் மட்டும் இருந்தார்கள்.

அடுத்த மாதம் மனு வரவில்லை. தாசில்தார் கவலைப்பட்டார். “அந்த முடிக்காரருக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?” என்று விசாரித்தார். மனுவுக்குப் பதிலாக வேறொரு மனு வந்தது. மீசைக்காரரும் வேறு பல விவசாயிகளும் கையெழுத்திட்டிருந்தார்கள். மேற்படி காலனித் தலைவர் வழக்கம்போல மாதந்தோறும் மனுக் கொடுக்க ஆவன செய்யுமாறு அதில் வேண்டியிருந்தார்கள். ஒருவரை மனுக் கொடுக்கும்படி உத்தரவிட விதிகளில் இடமில்லை என்று பதில் எழுதினேன். கிணற்றை மட்டும் சரிசெய்து கொடுத்தேன்.

காலனி ஆட்கள் ஒவ்வொருவராக அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு எப்போதாவது பழைய சுளுக்கு வரும். “சாரக் கூப்பிடவா?” என்று கேட்டால் போய்விடும் என்று சொன்னார்கள்.

சில நாள் கழித்து தலைவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதோ கோணலாகத் தெரிந்தது. இடது கிருதா காது நடுவில் நின்றது. வலது கிருதா அதற்கு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது.

“என்ன இது? நான் இருக்கும்போது நூல் பிடிச்சு வெட்டுவாரே?”

“நேத்து போயிருந்தேன் சார். வெங்காய வெலயப் பத்திப் பேசிக்கிட்டே இழுத்துட்டான். என்னவே கண்ண எங்க வச்சிருக்கீருன்னு கேட்டேன். நீரு தலைய ஆட்டுனா நான் என்ன செய்ய, உம்ம தலை என்ன பம்பரமான்னு கேக்கான். நானும் விடல. தெருவே கூடிட்டு.”

வெளியே போய் நின்று, கடைக்குள் ஒரு கல்லைத் தூக்கிப் போடலாமா என்றுகூட யோசித்தாராம். சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. கோணல் கிருதாவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப, திரும்ப அங்க போவீங்களா?”

“பின்ன? வேற எங்க போவேன்? நம்ம கடைலா?” என்று சிவகிரிப் பேருந்தைப் பார்த்து ஓடினார். உட்கார இடம் கிடைத்திருக்காது.